அண்ணியின் இல்லைச் சீட்டு

நானும் கவுண்டரில்தான் உட்கார்ந்திருக்கிறேன், என் அண்ணியும் கவுண்டரில்தான் உட்கார்ந்திருக்கிறார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் நாத்தனார் பொறாமையில் பேசுகிறாள் என்று யாரும் கிளப்பிவிடக் கூடாது. என்னுடையது பேருந்து நிலையத்தின் விசாரணைக் கவுண்டர். ஒரு நாளைக்கு ஐந்நூறு பேர் வந்து ஒரே கேள்வியைக் கேட்பார்கள். ஐந்நூற்றொன்றாவது ஆள் வாயைத் திறக்கும்போது எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "பலகையில எழுதிப் போட்டிருக்குல்ல, கண்ணு எங்க இருக்கு?" என்று கத்துவேன். பதினாறு வருடமாகக் கத்துகிறேன். என் தொண்டைதான் போனது, இன்றுவரை ஒருவரும் அந்தப் பலகையைப் பார்த்தபாடில்லை.

அண்ணியுடையது பெரிய ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு ரூம். அடித்தளத்தில், சலவைக்கூடத்துக்கும் மின்சார அறைக்கும் நடுவே, ஜன்னலே இல்லாத நீளமான அறை. தரையிலிருந்து கூரை வரை இரும்பு அலமாரிகள். அவற்றில் இந்த ஊரில் உடம்புக்கு வந்தவர்கள் எல்லாருடைய ஃபைலும் நிற்கிறது. ஒவ்வொரு ஃபைலின் முதுகிலும் கடைசி இரண்டு எண்ணுக்கு இரண்டு நிறத் துண்டு ஒட்டியிருக்கும். எண்ணைச் சொன்னால் போதும், அண்ணி அந்த இடுக்குகளுக்குள் புகுந்துவிடுவார். ஒருமுறை நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒன்றரை நிமிடம். இருபது வருடத்துக்கு முந்தைய ஃபைலோடு, தலைமுடி கூடக் கலையாமல் வெளியே வந்தார். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

அதைவிடப் பெரிய ஆச்சரியம் ஒன்று உண்டு. அந்த அறையில் இருக்கும் ஒரு ஃபைலைக் கூட அண்ணி திறந்து படித்ததில்லை. எனக்கெல்லாம் பக்கத்து சீட்டில் யாராவது கடிதம் படித்தாலே கழுத்து தானாக நீண்டுவிடும்.

"யாருக்கு என்ன வியாதின்னு தெரிஞ்சுக்கணும்னு தோணவே தோணாதா அண்ணி?"

"எடுத்துக் குடுக்குறதுதான் என் வேலை. படிக்கிறது அவங்க வேலை. அவங்களோடதுதானே அது?"

வீட்டிலும் இதே கூத்துதான். அலமாரியிலிருந்து எதை எடுத்தாலும் அந்த இடத்தில் ஒரு அட்டையைச் செருகிவிடுவார். சர்க்கரை டப்பாவைத் தேடிப் போனால் அங்கே அட்டை நிற்கும்: 'சர்க்கரை. எடுத்தவர் நாத்தனார். இருக்குமிடம் மாடி.' என் அண்ணன் வாயே திறக்காத பிராணி. அவன் கூட ஒருநாள், "நான் வேலைக்குப் போனா என் நாற்காலியிலயும் ஒரு அட்டை வச்சிடுவா" என்றான். வைத்திருந்தாலும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன்.

இல்லைச் சீட்டு பிறந்த கதை இது. அண்ணி வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், ஒரு வெல்டிங் பட்டறைக்காரர் தன் அப்பாவுக்கு நடந்த ஆபரேஷனின் ஃபைலைக் கேட்டு வந்துகொண்டே இருந்தாராம். அப்போது கவுண்டரில் இருந்த மூத்த ஊழியர் ஒவ்வொரு தடவையும் "இல்லை, நாளைக்கு வாங்க" என்பார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு அந்த மனிதர் மேலே அதிகாரியிடம் போனார். அதிகாரி கேட்ட முதல் கேள்வி, "நீங்க வந்ததுக்கு என்ன அத்தாட்சி?" பதினான்கு தடவை வந்த மனிதரிடம் காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லை. திரும்பி வந்து கவுண்டருக்கு முன்னால் வெறுங்கையோடு நின்றாராம்.

மறுநாள் அண்ணி வீட்டிலிருந்தே ஒரு கட்டுச் சீட்டு தயார் செய்து கொண்டுபோனார். ஐந்து வரி. கேட்டவர், கேட்டது, தேதி, கொடுக்காத காரணம், கையெழுத்து. "இல்லைன்னு சொல்றதா இருந்தா இல்லைன்னு எழுதிக் குடுங்க" என்று மூத்தவர் முன்னால் வைத்தார். அவர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். ஆனால் காரணம் என்ற வரியில் பேனாவை வைத்ததும் கை நின்றுவிட்டது. 'தேடச் சோம்பல்' என்று யாராவது தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போடுவார்களா? அன்று மதியமே அந்த ஃபைல் கிடைத்தது. இன்றைக்கு ஆஸ்பத்திரியே ரோஸ் காகிதத்தில் அச்சடித்துக் கொடுக்கிறது. சீட்டின் தலைப்பில் ஏதோ பெரிய பெயர் போட்டிருக்கிறார்கள், எல்லாரும் சொல்வது இல்லைச் சீட்டு என்றுதான்.

இப்படிப்பட்ட அண்ணிக்கே ஒரு காகிதத்தைப் பார்க்க வழியில்லாமல் போனது.

அண்ணிக்கும் அவர் தம்பிக்கும் அப்பா அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். வளர்த்தது பெரியப்பா. கல்யாணமே செய்துகொள்ளாதவர். லாரித் தார்ப்பாய் தைப்பதும் கிடங்குகளில் மூட்டை வாய் தைப்பதும் அவர் தொழில். தம்பிக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது, பேச்சும் வராது. வயது நாற்பத்தொன்று ஆகிறது, என்னைவிட மூன்று வயது பெரியவன், ஆனாலும் எல்லாருக்கும் அவன் குட்டிதான். பெரியப்பாவிடம் ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டு இப்போது மாவு மில்லில் மூட்டை வாய் தைக்கிறான். பெரியப்பாவின் பழைய வீட்டின் மாடியில் தனியாக இருக்கிறான்.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெரியப்பா அதைக் குட்டிக்கென்றே மாற்றி மாற்றிக் கட்டியிருந்தார். வாசலில் மணிக்குப் பதில் ஒரு கயிறு. கீழே நின்று இழுத்தால் மாடி ஜன்னலோரம் ஒரு சிவப்புத் துணி ஆடும். அடுப்பங்கரையில் தண்ணீர்க் குழாயைத் திறந்து வைத்துவிட்டு மறந்தால் தெரியும்படி எதிர்ச் சுவரில் கண்ணாடி. மாடிப்படியின் மரப்பலகைகள் எல்லாம் ஒன்றோடொன்று சேர்த்து அறையப்பட்டிருக்கும், யாராவது ஏறினால் மேலே அவன் காலுக்கு அதிர்வு தெரியும். அந்த வீடுதான் அவனுக்குக் காது. நான் முதல்முறை போனபோது அந்தக் கயிற்றை நாலு தடவை இழுத்து இழுத்துப் பார்த்தேன். இப்படி ஒருவர் இன்னொருவருக்காக யோசிக்க முடியுமா என்று எனக்கு மலைப்பாக இருந்தது.

பதினோரு வருடத்துக்கு முன், சாவதற்குச் சில மாதம் முன்னால், பெரியப்பா அந்த வீட்டைப் பற்றி ஒரு பத்திரம் எழுதினார். வீடு குட்டிக்காக, பார்த்துக்கொள்ளும் பொறுப்பு தன் தம்பிக்கு, அதாவது அண்ணியின் சித்தப்பாவுக்கு. இவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். எழுதிக் கொடுத்தவர் தலைப்பில் 'நம்பிக்கைப் பத்திரம்' என்று போட்டாராம். அதிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயரே நம்பிக்கைதான். "நம்பிக்கை எங்க இருக்கு?" "சித்தப்பா பீரோவுல, கம்பளிக்கு அடியில." புதிதாக யாராவது கேட்டால் எங்களைப் பைத்தியம் என்று நினைப்பார்கள்.

சித்தப்பா மின்சார மீட்டர் படித்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், ரோஷக்காரர். தினமும் சாயங்காலம் குட்டி வீட்டுக்குப் போய்க் கயிற்றை இழுப்பார். இருவரும் இருட்டும்வரை சதுரங்கம் ஆடுவார்கள். அந்த ஆட்டத்துக்குக் காதும் வேண்டாம், வாயும் வேண்டாம். பதினோரு வருடத்தில் ஒரு நாள் அவர் போகாமல் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

அந்தச் சித்தப்பாதான் ஒருநாள் வந்து, வீட்டை விற்கப் போவதாகச் சொன்னார். மாடிப்படி ஆடுகிறது, கூரை ஒழுகுகிறது, அவர் மகன் வாங்க ஆள் பார்த்துவிட்டான். வருகிற முதல் தேதி கையெழுத்து. குட்டிக்கு ஊருக்கு வெளியே காது கேட்காதவர்கள் தங்கும் விடுதியில் இடம் சொல்லியாகிவிட்டது. "நல்ல கட்டில், வேளாவேளைக்குச் சாப்பாடு, துணைக்கு நாலு பேரு. இவனுக்கு இதைவிட வேற என்ன வேணும்?"

அண்ணி நாற்காலியை அவருக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு, "பெரியப்பா பத்திரத்துல என்ன எழுதியிருக்கார் சித்தப்பா?" என்று மட்டும் கேட்டார்.

"அண்ணன் எல்லாத்தையும் என் கையில விட்டுட்டான். உனக்கு நல்லதுன்னு படுறதைச் செய்டான்னு என் கையைப் பிடிச்சுச் சொன்னான்."

"எழுதினது?"

சித்தப்பா செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணி சித்தப்பா வீட்டுக்குக் கிளம்பினார். சண்டை என்றால் நான் இல்லாமலா? கூடவே போனேன். சித்தப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா, நம்பிக்கையைக் கொஞ்சம் காட்டுங்க. பாத்துட்டு இங்கயே குடுத்துடறேன்."

"ஏன், என் மேல உனக்கு நம்பிக்கை இல்லையா?"

"இருக்கு சித்தப்பா. உங்க பீரோவுல இருக்கு. அதைத்தான் கேக்குறேன்."

நான் அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். சித்தப்பா என்னைப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும். "அண்ணன் என்னை நம்பிக் குடுத்ததை நான் எடுத்து ஊருக்குக் காட்டினா அதுக்கு என்ன மரியாதை? முடியாது, போம்மா."

அண்ணி கைப்பையிலிருந்து அந்த ரோஸ் சீட்டை எடுத்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இல்லைன்னா இல்லைன்னு எழுதிக் குடுத்துடுங்க சித்தப்பா. காரணம் போட்டு ஒரு கையெழுத்து." ஆயுள் முழுக்க அரசாங்கக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டே பழகிய மனிதர். படிவத்தைப் பார்த்ததும் கை தானாகப் பேனாவைத் தேடியது. காரணம் என்ற இடத்தில் எழுதினார்: 'நம்பிக்கை.'

தெருவுக்கு வந்ததும் நான் வெடித்தேன். "தம்பியோட தலைக்கு மேல கூரை போகப் போகுது, நீங்க சீட்டு வாங்கிட்டு வர்றீங்க! ரெண்டு சத்தம் போட்டிருந்தா பீரோ தன்னால திறந்திருக்கும்."

"நீ பதினாறு வருஷமா சத்தம் போடுறியே, யாராச்சும் பலகையைப் பாத்தாங்களா?"

வீடு வரைக்கும் அவர் பின்னாலேயே நடந்தேன்.

இரண்டாவது ஞாயிறு சித்தப்பா நாங்கள் உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார். "அந்த வீட்டுல இருக்கிறவன் அவன். அவனே கேக்கல. நடுவுல நீ யாரு கேக்க?"

"அவனுக்குக் கேக்காது சித்தப்பா, அதான் கேக்கல!" என்றேன் நான்.

"அப்போ அவன் கேக்கும்போது பாத்துக்கலாம்." கோபத்தில் சொன்னதுதான், ஆனால் சொன்ன பிறகு அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். சீட்டை அவரே கை நீட்டி வாங்கினார். காரணம்: 'இருப்பவன் கேட்கவில்லை.'

மூன்றாவது ஞாயிறு அவர் எங்களை நிமிர்ந்தே பார்க்கவில்லை. சீட்டை மடிமேல் வைத்துக்கொண்டு பேனாவோடு ஏழெட்டு நிமிடம் உட்கார்ந்திருந்தார். கடைசியில் எழுதினார்: 'அண்ணன் பிரிக்கச் சொல்லவில்லை.' முதல் தேதிக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

திங்கட்கிழமை நான் அண்ணியை ஏறக்குறைய இழுத்துக்கொண்டு ஒரு வக்கீலம்மாவிடம் போனேன். எழுதுபொருள் கடைக்கு மேலே ஒரு அறை, மூன்று நாற்காலி, அதில் ஒன்றுக்குக் கால் கோணல். வக்கீலம்மா கதையைப் பாதிதான் கேட்டார். சீட்டுகளைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இதை யாரும்மா உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது? கேட்டேன், தரலன்னு வாயால சொல்லிட்டு வர்றவங்களைத்தான் தினம் பாக்குறேன். தராதவர் கையெழுத்தோட யாரும் வந்ததில்லை."

"ஆஸ்பத்திரி வழக்கம்" என்றார் அண்ணி, ஏதோ தப்புச் செய்தவர் போல.

வக்கீலம்மா விஷயத்தை உடைத்துச் சொன்னார். ஒருவர் இன்னொருவருக்காகச் சொத்தை வைத்திருந்தால், யாருக்காக வைத்திருக்கிறாரோ அவர் கேட்கும்போது பத்திரத்தைக் காட்டித்தான் ஆக வேண்டும். தயவு தாட்சண்யம் எல்லாம் இல்லை, அது அவர் உரிமை. நோட்டீஸ் ஒன்று போனால் தன்னால் வெளியே வரும்.

"நோட்டீஸ் போன பிறகு சித்தப்பா மறுபடியும் சதுரங்கம் ஆட வருவாரா?" என்று அண்ணி கேட்டார்.

"அதுக்குச் சட்டத்துல இடம் இல்லம்மா."

அண்ணி சீட்டுகளை மேஜைமேல் வரிசையாக வைத்தார். ஃபைலைத்தான் படிக்க மாட்டார், சீட்டை எழுத்தெழுத்தாகப் படிப்பார். மூன்றாவது சீட்டில் விரலை வைத்தார். "இதைப் பாருங்க. காட்டச் சொல்லவில்லைன்னு எழுதல. பிரிக்கச் சொல்லவில்லைன்னு எழுதியிருக்கார்." குரல் இறங்கிவிட்டது. "அவர் மறைக்கல. அவருக்கே தெரியாது. பதினோரு வருஷமா அதைப் பிரிச்சே பாக்கல."

எனக்குப் புல்லரித்துவிட்டது. ஊர் மீட்டரையெல்லாம் படித்த மனிதர்! பிரித்துப் பார்த்தால் அண்ணனை நம்பாததாக ஆகிவிடும் என்று, நம்பிக்கை என்ற பேருக்காகவே நம்பிக்கையைப் படிக்காமல் வைத்திருக்கிறார். இப்படியும் ஒரு முட்டாள்தனம் உண்டா? எனக்குக் கையெடுத்துக் கும்பிடவும் தோன்றியது, நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கவும் தோன்றியது.

வக்கீலம்மாவின் விரல் இரண்டாவது சீட்டுக்குப் போனது. "இதை உங்க சித்தப்பா கோபத்துல எழுதியிருக்கலாம். ஆனா நானும் இதையேதான் கேப்பேன். வீடு உங்க தம்பிக்காக. அவர் கேட்டாரா?"

அண்ணி சீட்டுகளிலிருந்து கையை எடுத்துவிட்டார். குட்டியிடம் நாங்கள் யாருமே ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. பாவம், அவனுக்கு எதற்குக் கவலை என்று விட்டுவிட்டோம். விற்கிற சித்தப்பாவும் சொல்லவில்லை, தடுக்கிற அண்ணியும் சொல்லவில்லை. படியிறங்கும்போது அண்ணி சொன்னார், "பதினெட்டு வருஷமா 'யாரோட ஃபைலோ அவங்க வரணும்'னு சொல்லிட்டே இருக்கேன். என் தம்பி ஃபைலை நான் அவன்கிட்டக் காட்டல." தெருவில் நின்று அழுதார். அண்ணி அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அங்கிருந்தே குட்டி வீட்டுக்குப் போய்க் கயிற்றை இழுத்தோம். மில்லிலிருந்து அப்போதுதான் வந்திருந்தான், புருவமெல்லாம் மாவு. அண்ணி கைச்சாடையில் எல்லாவற்றையும் சொன்னார். வீடு, விற்பது, விடுதி, பத்திரம். அவன் அண்ணியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். முடிந்ததும் எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு அட்டையைக் கொண்டுவந்தான். பெயிண்ட் கடையில் கொடுக்கும் நிற அட்டை. அதில் வெளிர்ப் பச்சையில் பேனாவால் வட்டம் போட்டிருந்தான். யாரோ வந்து நாடா வைத்து மாடிப்படியை அளந்துவிட்டுப் போனார்களாம். சித்தப்பா வீட்டைச் சரிசெய்யப் போகிறார் என்று நினைத்து, சுவருக்கு நிறம் பார்த்து வைத்திருக்கிறான்.

பிறகு தன் காதைத் தொட்டு இல்லை என்று கையை அசைத்தான். இரண்டு கண்களையும் தொட்டு இருக்கிறதே என்று காட்டினான். அண்ணியைச் சுட்டிக்காட்டி, ஏன் சொல்லவில்லை என்று விரலை விரித்தான். அண்ணி அவன் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

நான்காவது ஞாயிறு மூன்று பேராகப் போனோம். குட்டி சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தான். சித்தப்பா கதவைத் திறந்தவர் அவனைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். தினம் சாயங்காலம் பார்க்கிற முகம்தான். அவன் பீரோவைச் சுட்டிக்காட்டினான். தன் நெஞ்சைத் தொட்டான். உள்ளங்கையை விரித்து நீட்டினான். வேறெதுவும் செய்யவில்லை. நீட்டிய கை அப்படியே நின்றது.

சித்தப்பா அந்தக் கையைப் பார்த்தார். பிறகு போய்ப் பீரோவைத் திறந்து, கம்பளியை விலக்கி எடுத்தார். ஒரு முழ நீளத்தில் தார்ப்பாய்த் துணியில் பொட்டலம். நான்கு பக்கமும் தையல்.

"பாருங்க. அண்ணன் தன் கையால தச்சுக் குடுத்தது. பதினோரு வருஷம், ஒரு நூலு கலையல." பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "பிரிக்கணும்னு நினைச்சிருந்தா ஏன்டா தைக்கணும்? நான் பிரிச்சா என் அண்ணன் முகத்துல எப்படி முழிப்பேன்?"

அண்ணி அவர் பக்கத்தில் போய் நின்றார். "நானும் ஒரு ஃபைலைக் கூடப் படிச்சதில்லை சித்தப்பா. வச்சிருக்கிறவங்க படிக்கணும்னு இல்லை. நீங்க செஞ்சது சரிதான். ஆனா யாரோடதோ அவங்க வந்து கேட்டா கையில குடுத்துடணும். அவ்வளவுதான் நம்ம வேலை. பிரிக்கிறது அவன் வேலை."

சித்தப்பா பொட்டலத்தைக் குட்டியின் கையில் வைத்தார். வைத்தாரே தவிர, விரலை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

நான் கத்தரிக்கோல் தேட எழுந்தேன். குட்டி பொட்டலத்தைப் புரட்டித் தையலை ஒரு பார்வை பார்த்தான். அவன் முகம் மலர்ந்துவிட்டது. சத்தம் வராத அந்தச் சிரிப்பைச் சிரித்தான். சித்தப்பாவின் கையைப் பிடித்து அவர் விரலைத் தையல் மேல் வைத்துத் தடவிக் காட்டினான். பிறகு தோளில் மூட்டையைச் சுமக்கிற மாதிரியும், இறக்குகிற மாதிரியும், வாயை அவிழ்க்கிற மாதிரியும் செய்து காட்டினான்.

முதலில் புரிந்துகொண்டது அண்ணிதான். "சித்தப்பா, தார்ப்பாய்க்குப் போடுற தையல் இல்லை இது. மூட்டை வாய்க்குப் போடுறது. சங்கிலித் தையல். அவிழ்க்கிறதுக்குன்னே போடுற தையல்!"

குட்டி ஒரு மூலையில் முடிச்சைத் தேடிப் பல்லால் கடித்தான். நூல்முனையைப் பிடித்து ஒரே இழுப்பு. சரசரவென்று நான்கு பக்கமும் ஓடி அவிழ்ந்து, அவ்வளவு நூலும் அவன் கையில் தொங்கியது. பதினோரு வருடம் பூட்டு என்று நினைத்துக் காவல் காத்தது ஒரு மூச்சில் திறந்துகொண்டது. சித்தப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

குட்டி காகிதத்தைப் பிரித்து முதலில் தானே மெதுவாகப் படித்தான். அப்புறம் என்னிடம் நீட்டினான். பேருந்து நிலையத் தொண்டை ஒரு நாளாவது நல்லதுக்குப் பயன்படட்டும் என்று நான் உரக்கப் படித்தேன். குட்டி உயிரோடு இருக்கும்வரை வீடு அவன் இருப்பதற்கு. அதுவரை யாரும் விற்கக் கூடாது. கீழே உள்ள அறை, வயதான காலத்தில் தம்பிக்கு வேண்டியிருந்தால் தம்பிக்கு. கடைசியில் இப்படி இருந்தது: 'இதைப் பார்க்க வேண்டும் என்று குட்டி எப்போது கேட்டாலும் அன்றே காட்ட வேண்டும். என் தம்பி தானாக எதையும் பிரிக்கிற ஆள் இல்லை. கேட்டவர்க்கு இல்லை என்கிற ஆளும் இல்லை. ஆகவே இழுத்தால் வருகிற தையலே போட்டிருக்கிறேன்.'

எழுதியவர் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. அந்த அறையில் எங்கள் நாலு பேரையும் அவர் பார்த்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது எனக்கு.

சித்தப்பா குலுங்கிக் குலுங்கி அழுதார். "என் பேரும் இருக்கா? என் பேரும் இருக்கா?" என்று இரண்டு தடவை கேட்டார். "மூணு தடவை இல்லைன்னு எழுதிட்டேனே." பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு மகனுக்குப் போன் செய்தார். "வீடு விக்கிறதுக்கில்லைடா. வாங்க வர்றவர்கிட்டச் சொல்லிடு" என்று சொல்லி, அவன் பதில் பேசுவதற்குள் வைத்துவிட்டார்.

நாங்கள் கிளம்பும்போது அண்ணியைக் கூப்பிட்டார். "சீட்டு எங்க?"

"எதுக்கு சித்தப்பா? அதான் குடுத்துட்டீங்களே."

"இல்லைங்கறதுக்கு எழுதினேன்ல? குடுத்ததுக்கும் எழுதணும்."

அண்ணி ஒரு ரோஸ் சீட்டை எடுத்துக் கொடுத்தார். கேட்டவர் என்ற இடத்தில் சித்தப்பா குட்டியின் பெயரை எழுதினார். கேட்டது, நம்பிக்கை. 'கொடுக்காத காரணம்' என்று அச்சடித்திருந்ததில் நடுவில் இருந்த 'க்கா'வை அடித்து 'த்' போட்டு, 'கொடுத்த காரணம்' என்று திருத்தினார். அதற்கு எதிரே ஒரே ஒரு வார்த்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு, சீட்டைக் குட்டியின் கையிலேயே கொடுத்தார். நான் அவன் தோளுக்கு மேல் கழுத்தை நீட்டிப் படித்தேன்.

'கேட்டான்.'